நுகத்தடியும் செப்புத் தகடும்

இப்பக்கங்களில் நூல்களை மதிப்பிட்டிருக்கிறோம். நாடகங்களையும் பாடல் தொகுப்புகளையும் மதிப்பிட்டிருக்கிறோம். இம்முறை ஒரு சுவரை மதிப்பிட முற்படுகிறோம். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். நம் இறைமக்களில் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஓர் ஓவியக் கூடத்தின் படியையும் மிதித்ததில்லை. கலை என்று அவர்கள் நாள்தோறும் காண்பது ஆலயத்துச் சுரூபங்களை. அதற்கு அடுத்தபடியாகத் தங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குவனவற்றை. செபமாலை சொல்லும்போது கண்கள் நிலைத்து நிற்பது அந்தச் சுவரில்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் தாய் ஏறிட்டுப் பார்ப்பதும் அந்தச் சுவரையே. அங்கே என்ன தொங்குகிறது, அது எதனால் ஆனது, செய்தவர் யார் என்று நாம் கேட்காமலே காலம் கடத்திவிட்டோம்.

வேலூரிலிருந்து போளூர் செல்லும் சாலையில், மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் நீண்டு கிடக்க, அதன் அடிவாரத்தில் அமைந்துள்ளது கண்ணமங்கலம். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி வட்டத்தில் ஒரு பேரூராட்சி. காட்பாடி–விழுப்புரம் இருப்புப்பாதையில் ஒரு நிலையம். ஒருபுறம் அமிர்திக் காடு; மறுபுறம் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குச் செல்லும் வழி. சேத்துப்பட்டில் தங்கி உழைத்த தாராஸ் அடிகளாரின் நினைவை இன்றும் போற்றும் வட்டாரம் இது. 1952-ல் வேலூர் மறைமாவட்டம் உருவானபோது அதன் எல்லைக்குள் வந்தது. வீடு மந்திரிப்பு ஒன்றுக்கு அழைக்கப்பட்டு அண்மையில் அங்கே சென்றிருந்தோம். பழைய ஓட்டு வீட்டின் முன்பகுதியை இடித்துவிட்டுக் காங்கிரீட் கூரை போட்டிருந்தார்கள். குருவானவர் தீர்த்தம் தெளித்து முடித்ததும் பந்தி தொடங்கியது. இலை போடும் வரை கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நடுவில் வழக்கம்போல் திரு இருதயப் படம். அதன் கீழே சிவப்பு விளக்கு. அதன் வலப்புறம் புதிதாக மாட்டிய பலகை ஒன்று. மரத்தின் குறுக்குவெட்டு வடிவில் அமைந்த அப்பலகையில், இந்த இல்லத்தை ஆசீர்வதிக்கும்படி ஆண்டவரை வேண்டும் வாசகம் பொன்னிறத் தகட்டு எழுத்துகளாய்ப் பதிக்கப்பட்டிருந்தது. சென்னையில் பணிபுரியும் மகன் வாங்கி வந்தது. ‘இயற்கை மரத்தில் கைவேலை’ என்று பின்புறம் ஒட்டியிருந்த தாள் கூறிற்று. கையால் தடவிப் பார்த்தோம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே மரத்தின் வரிகள் அச்சிடப்பட்ட தாள். எழுத்துகளின் விளிம்புகள் யாவும் ஒரே அளவில், ஒரே பழுப்பு நிறத்தில் கருகியிருந்தன. ஒளிக்கதிர்ப் பொறியின் அடையாளம் அது. கைவேலை என்றால், பெட்டியில் அடுக்கிய கையின் வேலையை வேண்டுமானால் சொல்லலாம்.

இலைக்கு அழைக்க வந்த வீட்டு அம்மாள் கதவுக்குப் பின்னால் எதையோ பார்த்துத் தயங்கி நின்றார். “ஐயா, நீங்க எழுதறவங்க. இதை மறுபடியும் மாட்டலாமா, வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. மருந்தடிச்ச புதுச் சுவருக்கு இது ஒத்து வராதுன்னு பையன் சொல்றான்” என்றார். கதவுக்குப் பின்னால், முகத்தைச் சுவருக்குத் திருப்பி, ஒரு சிலுவை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

அதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தோம். ஏறத்தாழ மூன்றடி உயரம். நெடுங்கட்டை வேங்கை, செம்பழுப்பு நிறம். குறுக்குக்கட்டை நுணா மரம். மஞ்சணத்தி என்று சில ஊர்களில் சொல்வார்களே, அது. இலேசாகவும் உறுதியாகவும் இருப்பதால் மாட்டின் கழுத்தை உறுத்தாது என்று நுகத்தடிக்கு அதனைத் தேர்வது நம் உழவர் வழக்கம். இது உண்மையாகவே ஒரு பழைய நுகத்தடியின் துண்டு. பூட்டாங்கயிறு உராய்ந்து உராய்ந்து ஏற்பட்ட பள்ளம் இரு முனைகளிலும் வழவழவென்று தெரிந்தது. இரு கட்டைகளும் சேருமிடத்தை வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டையின் துண்டு ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தது. அதன் நடுவில் உள்ளங்கை அளவில் ஒரு செப்புத் தகடு; பழைய செப்புக் குடம் ஒன்றிலிருந்து வெட்டியது என்றார்கள். தகட்டில் உருவம் ஏதுமில்லை. பின்புறமிருந்து உளியால் தட்டி எழுப்பிய ஐந்து புடைப்புகள் மாத்திரம். ஐந்து காயங்கள்! இவ்வீட்டுப் பெரியவர் ஒருவர் வண்டி மாடுகளை விற்ற ஆண்டில், பக்கத்துத் தெருவிலிருந்த ஆசாரியாரும் கொல்லரும் செய்து கொடுத்தார்களாம். அவ்விருவரும் கிறிஸ்தவர் அல்லர்.

விமர்சனம் என்பதை ஓரளவேனும் மதிப்போடு செய்ய வேண்டுமாயின், செய்நேர்த்தியிலிருந்து தொடங்குவதே முறை. மரத்தையும் உலோகத்தையும் இணைப்பது எளிதான காரியம் போலத் தோன்றும். இரண்டும் இருவேறு குணங்கள் கொண்டவை. மரம் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி அகலவாட்டில் விரியும், கோடையில் சுருங்கும். வெட்டி நூறாண்டு ஆன மரமும் இதற்கு விலக்கன்று. இரும்போ செம்போ ஈரத்துக்கு அசைவதில்லை. ஆகவே தகட்டை இறுக ஆணியடித்து மரத்தோடு பிணைத்தால், ஆண்டுக்கு இருமுறை மரம் அந்த ஆணியோடு மல்லாடும்; ஒரு நாள் வெடித்துவிடும். நம் வண்டித் தச்சர்கள் இதனை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள்! குடம், ஆரக்கால், வட்டை என்று மரத்தால் சக்கரத்தைக் கூட்டிய பின், அதைவிடச் சற்றுச் சிறிய இரும்புப் பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி விரியவைத்துச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும்போது வட்டைகளும் ஆரக்கால்களும் ஒன்றையொன்று நெருக்கி இறுகும். ஓர் ஆணியின் பலத்தைவிட ஒரு பெரிய பலம் அப்படிப் பிறக்கிறது. காளை வண்டிகள் குறைந்தபின் இவ்வித்தை தெரிந்தவர்களும் குறைந்துபோனார்கள். அருமையான ஒரு கல்வி தேர்வு எழுதாமலே மறைந்துகொண்டிருக்கிறது.

தகட்டு வேலையும் அவ்வாறே. கொம்பரக்கோ குங்கிலியமோ செங்கல் பொடியோடும் எண்ணெயோடும் கலந்து காய்ச்சிய அரக்குப் படுக்கையின்மேல் தகட்டை ஒட்டவைத்து, பின்புறமிருந்து மழுங்கிய உளிகளால் தட்டித் தட்டிப் புடைப்பை எழுப்புவர். பிறகு திருப்பிப் போட்டு முன்புறமிருந்து கோடுகளைத் தெளிவுபடுத்துவர். அடிபடுந்தோறும் செம்பு கடினமாகும். ஒரு கட்டத்துக்கு மேல் அடித்தால் கிழிந்துவிடும். அப்போது தகட்டை எடுத்து நெருப்பில் காய்ச்சினால் மீண்டும் இளகும். அடி, நெருப்பு, மறுபடி அடி. இதிலிருந்து மறையுரை செய்ய நமக்கும் ஆசை எழுகிறது, ஆயினும் அடக்கிக்கொள்கிறோம். தஞ்சாவூர்க் கலைத்தட்டுகள் இம்முறையில் உருவாகின்றன. பித்தளைத் தட்டின்மேல் வெள்ளியும் செம்பும் புடைப்பாக அமர்கின்றன. கோயில்களில் மூலவர்க்குச் சார்த்தும் கவசங்களும் இவ்வகைத் தகட்டு வேலையே.

கவசம் என்றவுடன் நினைவுக்கு வருபவர் சிற்பி பி. வி. ஜானகிராம். 1930-ல் பிறந்து 1995-ல் மறைந்த இவர், சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, 1966-ல் கே. சி. எஸ். பணிக்கர் தோற்றுவித்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர். தெய்வத் திருமேனிகளின் மேல் சார்த்தும் கவசத்தைக் கண்டு, உள்ளே கல் இல்லாமல் கவசத்தை மட்டும் சிற்பமாக்கினால் என்ன என்று எண்ணியவர் என இவரைச் சொல்லலாம். செப்புத் தகட்டை அடித்து வளைத்து, அதன்மேல் உலோகக் கம்பிகளைப் பற்றவைத்து நகைவேலை போன்ற நுணுக்கங்களைச் சேர்த்தார். அச்சிற்பங்களைச் சுற்றி வந்து பார்க்க வேண்டியதில்லை; எதிரே நின்று பார்க்கவே அமைந்தவை. நம் மக்கள் சந்நிதியில் நிற்பதும் அவ்வாறுதானே? பிள்ளையாரையும் கண்ணனையும் படைத்த அதே கையால் கிறிஸ்துவையும் படைத்தார். அவருக்கு ஆசிரியராயிருந்த எஸ். தனபால் கிறிஸ்துவைச் சிற்பமாக்கினார். பணிக்கர் 1950-களின் தொடக்கத்தில் நற்செய்திப் பொருள்களை வரைந்தார். மூவரும் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவர் அல்லர். அவர்கள் காலத்தில் நம் பங்கு ஆலயங்கள் பூச்சுமண் சுரூபங்களை வாங்கி வைத்துக்கொண்டிருந்தன. ஜானகிராமின் கிறிஸ்து கலைக்கூடங்களுக்கும் செல்வர் இல்லங்களுக்கும் போனார். நம் பீடங்களுக்கு வரவில்லை, நாம் அழைக்கவில்லை.

அழைக்கத் தடையேதும் இருந்ததா? 1963 டிசம்பர் 4-ல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் திருக்கலை பற்றி ஓர் அதிகாரமே இருக்கிறது. எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதெனத் திருச்சபை கொள்ளவில்லை என்பதும், வெறும் பகட்டைவிட மாண்புமிக்க அழகையே நாடவேண்டும் என்பதும் அதன் கருத்து. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையைச் சேலையுடுத்திய தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிறுத்திவிட்டார். கோவாவில் பிறந்த ஆஞ்சலோ த ஃபொன்சேக்கா (1902–1967) மரியன்னைக்குச் சேலை உடுத்தி வரைந்தபோது ஊரார் முகம் சுளித்தனர். அவர் புனேயில் குடியேறி அங்கேயே வரைந்தார். பெங்களூருக்கு அருகே வாழ்ந்து பணியாற்றும் ஜோதி சாகி பல ஆலயங்களுக்கு ஓவியமும் வடிவமைப்பும் தந்திருக்கிறார். ஆக, வழி திறந்தே கிடக்கிறது. நடந்தவர்தாம் குறைவு. பண்பாட்டுமயமாக்கல் என்ற நெடுஞ்சொல்லைக் கருத்தரங்குகளில் உச்சரித்த அளவுக்குக்கூட ஓர் உள்ளூர்த் தச்சரின் பெயரை நாம் உச்சரித்ததில்லை.

இனி அந்தப் பொன்னெழுத்துப் பலகைக்கு வருவோம். அதனைப் பொய் என்று சொல்லத் துணிகிறோம். கடுமையான சொல்தான், காரணம் சொல்கிறோம். பிளாஸ்டிக்கால் செய்த ஒரு சுரூபம் தன்னைப் பிளாஸ்டிக் என்றே காட்டிக்கொள்கிறது. ஏழைக்கு எட்டும் விலையில் வருகிறது. அதனோடு நமக்கு வழக்கில்லை. இப்பலகையோ தான் இல்லாத ஒன்றாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறது. மரத்தின் வளையங்கள் ஒவ்வொன்றும் ஒரு பருவத்தின் வரலாறு. மழை பொய்த்த ஆண்டில் நெருக்கமாகவும் பெய்த ஆண்டில் அகலமாகவும் அமையக்கூடியவை. அச்சிட்ட தாளில் உள்ள வளையம் எந்த மழையையும் கண்டதில்லை. அதே மரம், அதே முடிச்சு, அதே விரிசல் ஆயிரம் வீடுகளில் தொங்குகின்றன. வேண்டுதலை எழுத்தாக எழுதிவிட்டால் வேண்டுகிற வேலை முடிந்தது என்ற எண்ணத்தையும் இவை ஊட்டுகின்றன. வாசகத்தை ஒருமுறை வாசித்துவிடுகிறோம். அடுத்த நாள் முதல் கண் அதனைத் தாண்டிப் போய்விடுகிறது. ஐந்து புடைப்புகளையோ தினமும் எண்ணத் தோன்றுகிறது. அவ்வீட்டுப் பேரக்குழந்தை ஒன்று நம் கண்முன்னே அவற்றை விரலால் தொட்டு எண்ணிற்று. ‘ஆறாவது எங்கே?’ என்றும் கேட்டது! குழந்தையின் கணக்கைத் திருத்த அங்கிருந்த எவரும் விரும்பவில்லை.

இங்கே நம்மையே ஒருமுறை கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. படித்தவர்களுக்கு ஒரு நோய் உண்டு. ஏழையின் வீட்டிலுள்ள பளபளப்பைக் கண்டு மூக்கைச் சுளிப்பது. தங்கள் வீட்டில் மட்டும் பழைய மரச் சாமான்களைத் தேடிப்பிடித்து அழகுக்கு வைப்பது. வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் இறுதி இராவுணவைப் புடைப்பாக அச்சடித்த அலுமினியத் தகட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்து ஏறும் மூதாட்டியைப் பார்த்திருக்கிறோம். அவளுடைய கண்ணீருக்கு முன்னால் நம் கலை விமர்சனம் வாய்மூடி நிற்பதே தகும். கை, கால், கண் என்று வெள்ளித் தகட்டில் வெட்டி அங்கே காணிக்கையாக இடுகிறார்களே, அவற்றிலும் கைநேர்த்தியைத் தேட முடியாது, அச்சில் அடித்தவைதாம். ஆயினும் அந்தத் தகட்டுக் கண்ணுக்குப் பின்னால் நோயுற்ற ஓர் உண்மையான கண் இருக்கிறது. பொருள் மலிவானதா என்பதை நாம் கேட்க வரவில்லை. அந்தக் கண்ணமங்கலத்து மகனும் தாயை மகிழ்விக்கவே தன் சம்பளத்தில் பலகையை வாங்கி வந்தான். அவனை ஏமாற்றியது யார் என்பதே நம் கேள்வி. ‘இயற்கை’ என்றும் ‘கைவேலை’ என்றும் தாளில் அச்சிட்டவர்கள் அவனிடமிருந்த ஒரு நல்ல ஏக்கத்தைக் காசாக்கிக்கொண்டார்கள்.

சரி, உண்மையான மரமாக இருந்துவிட்டால் போதுமா? இந்தக் கேள்வியைக் கண்ணமங்கலத்தில் நின்றுகொண்டு இலேசாகக் கேட்டுவிட முடியாது. ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பெயர்பெற்றது. திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு ஏற்பட்டதும் இம்மலையின் செல்வத்தால்தான். கடத்தலால் அம்மரங்கள் பெரிதும் அழிந்தன. மலையில் வேலையும் கூலியும் குறைந்தபோது, கோடரி பிடிக்கத் தெரிந்த கைகளைத் தேடித் தரகர்கள் வந்தார்கள். ஆந்திரத்தின் தென்பகுதி மலைகளில் மட்டுமே பெரிதும் விளையும் செம்மரத்தை வெட்ட ஆள் தேவைப்பட்டது. கீழை நாடுகளில் அரண்மனைபோன்ற வீடுகளின் நாற்காலிகளுக்கும் இசைக்கருவிகளுக்கும் அந்த மரம் போகிறது. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் விடியற்காலையில் சேஷாசலம் காட்டில் 20 பேர் ஆந்திரக் காவல் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலையிலிருந்தும், படவேட்டை அடுத்த சிற்றூர்களிலிருந்தும் போனவர்கள் அவர்களுள் இருந்தனர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல் துறை கூறியது. வழியில் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உறவினரும் மனித உரிமை அமைப்பினரும் கூறினர். உடல்கள் வந்து இறங்கிய ஊர்கள், நாம் இலை போட்டு அமர்ந்திருந்த அந்தக் கூடத்திலிருந்து தொலைவில் இல்லை.

அவர்கள் வெட்டப் போனதும் இயற்கை மரம்தான். அதே ஆண்டு மே 24-ஆம் நாளிட்டு, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலை எழுதினார். பூமியின் அழுகையும் ஏழைகளின் அழுகையும் வேறு வேறல்ல என்பது அதன் அடிநாதம். அந்த ஏப்ரலுக்கும் அந்த மே மாதத்துக்கும் இடையே ஏழு வாரங்கள்கூட நிறையவில்லை. உரோமையில் எழுதிய மடலை நம் மாதா மன்றங்களும் இளையோர் இயக்கங்களும் கருத்தரங்கு நடத்திப் படித்தன, நல்லதே. ஆனால் சந்தனச் செபமாலையை முகர்ந்து பார்த்து வாங்கும்போது, செதுக்கிய பாடுபட்ட சுரூபத்தைப் பரிசளிக்கும்போது, ‘இந்த மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது, வெட்டியவனுக்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்ட ஒருவரையும் நாம் சந்திக்கவில்லை. நாமும் கேட்டதில்லை. மரத்தில் தொங்கியவரை வணங்குகிறவர்கள் மரத்தைப் பற்றிக் கேட்காமலிருப்பது எப்படி வழக்கமாயிற்று?

கதவுக்குப் பின்னால் கிடந்த சிலுவையின் சிறப்பை இங்கேதான் உணர்ந்தோம். அதற்காக ஒரு மரமும் புதிதாக வெட்டப்படவில்லை. நுகத்தடி ஓய்வுபெற்றது, வண்டிப் பட்டை ஓய்வுபெற்றது, குடம் ஓட்டையானது. வேங்கைக் கட்டை பழைய கதவு நிலையிலிருந்து வந்ததாம். உழைத்துத் தேய்ந்த நான்கு பொருள்கள் கூடி இளைப்பாறும் இடமாக அது இருந்தது. நுகத்தைப் பற்றி ஆண்டவர் சொன்னதை அந்த ஆசாரியார் அறிந்திருக்க மாட்டார். அவருக்குத் தெரிந்தது மாட்டின் கழுத்து. அதை அறிந்தவர் செய்த குறுக்குக்கட்டை, நாற்பது ஆண்டு ஞாயிறு மறையுரைகளில் நாம் கேட்டிராத ஒன்றைச் சொல்கிறது.

குறைகளையும் சொல்லவேண்டும், இல்லையேல் இது மதிப்புரையாகாது, பாராட்டுப் பத்திரமாகிவிடும். நெடுங்கட்டை குறுக்குக்கட்டையைவிட மிகத் தடித்திருக்கிறது. எடை கீழ்நோக்கி இழுத்துக் கண்ணுக்குச் சமநிலை குலைகிறது. செப்புத் தகட்டின் ஓரங்களை மடிக்காமல் விட்டுவிட்டார் கொல்லர், அவசரம் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரும்புப் பட்டையை நான்கு ஆணிகளால் இறுக அறைந்திருக்கிறார்கள். சக்கரத்துக்குப் பட்டை போடத் தெரிந்த கைகளே இங்கே அந்த அறிவை மறந்ததேன்? சுவரில் தொங்கும் பொருள்தானே, ஓடப்போவதா என்று எண்ணியிருக்கலாம். விளைவு, வேங்கைக் கட்டையில் ஆணியிலிருந்து அடிவரை ஒரு நீண்ட வெடிப்பு. கள்ளக்குறிச்சியிலும் அரும்பாவூரிலும் மரச்சிற்பிகள் காய வைத்த மரத்தைத் தேர்ந்து, வைரம் எது வெளிறு எது என்று பார்த்துச் செதுக்குகிறார்கள். 2020-களின் தொடக்கத்தில் அவ்விரு ஊர்களின் வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தரத்தோடு ஒப்பிட்டால் நம் சிலுவை கைப்பழக்கத்தில் செய்த நாட்டு வேலைதான்.

வெடிப்பைவிடவும் மகனை உறுத்தியது வேறொன்று. பட்டையிலிருந்து கீழ்நோக்கி, வேங்கையின் செம்பழுப்பின்மேல், மைக்கோடு போலக் கறுப்புக் கறை ஒழுகியிருந்தது. பழைய ஓட்டுக்கூரை ஒழுகிய மழைக்காலங்களில் உண்டான கறை. “அது ரத்தம்னு எங்க மாமியார் சொல்லுவாங்க” என்றார் அம்மாள், தயக்கத்தோடு. மகன் சிரித்தான். “துரு சார். பாலிஷ் போட்டா போயிடும்.”

இருவருக்கும் இடையே நடுவராக நாம் உட்கார்ந்திருந்தோம். இதில் புதுமை ஏதுமில்லை என்பதை முதலில் தெளிவாகச் சொன்னோம்; நம் மக்கள் கறையைக் கண்டால் கெபி கட்டிவிடுவார்கள் என்ற அச்சம் நமக்கு எப்போதும் உண்டு. வேங்கையில் துவர்ப்புச் சத்து மிகுதி. ஈரம் பட்டால் அது இரும்போடு கலந்து கருமையாகும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இதே முறையில்தான். தேக்கில் அறைந்திருந்தால் அதன் எண்ணெய்ப் பசை இரும்பைக் காத்திருக்கும். ஆக, மகன் சொன்னது பாதி சரி. வெறும் துருவன்று, மை. மரமும் இரும்பும் சேர்ந்து நாற்பது மழைக்காலத்தில் தாமே எழுதிய எழுத்து. பாட்டி சொன்னது சரியா? அவர் எதைச் சொல்ல விரும்பினாரோ அதை வேதியியல் தொடவில்லை என்று மட்டும் சொன்னோம். பொறி எரித்த பொன்னெழுத்துக்கு எதிரே இந்தக் கறுப்பு எழுத்தை வைத்துப் பார்த்தபோது, எதனை அந்தச் சுவரில் மாட்டவேண்டும் என்பதில் நமக்கு ஐயம் இருக்கவில்லை. ஆனால் சுவர் நம்முடையது அன்று.

இன்னொன்றும் கேட்டோம்: செய்தவர்களின் பெயர் என்ன? அம்மாளுக்கு ஆசாரியாரின் பட்டப்பெயர் மட்டும் நினைவிருந்தது. கொல்லரின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. நம் ஆலயங்களிலும் இதே நிலைதான். கல்வெட்டில் கொடையாளரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். மின்விளக்கிலும் விசிறியிலும் ‘உபயம்’ என்று கண்டிருக்கும். சில இடங்களில் பெயரின் அடர்த்தியால் விளக்கின் வெளிச்சமே குறைந்திருக்கும். பீடத்தைச் செதுக்கியவர், தேருக்குச் சக்கரம் கூட்டியவர், நற்கருணைப் பேழைக்குத் தகடு வேய்ந்தவர் ஆகியோரின் பெயர் எங்கும் இராது. நாட்கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டவர்கள் என்று நினைக்கிறோம். தச்சர் மகன் என்று ஊரார் ஏளனமாகச் சுட்டிய ஒருவரை ஆண்டவராக ஏற்றுக்கொண்ட சமயத்தாருக்கு இது அழகா என்பதை வாசகர்கள் தங்கள் பங்கில் எண்ணிப் பார்க்கலாம். பெயரைப் பலகையின் பின்புறத்திலாவது உளியால் கீறி வைக்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

சாப்பாடு முடிந்து மதியத்துக்குப் பின், அம்மாள் ஆள் விட்டு ஒரு முதிய தச்சரை வரவழைத்தார். இப்போது அலமாரிப் பலகைகளுக்குக் கீல் பூட்டுவதே தம் வேலை என்றார் அவர். சிலுவையை மடியில் கிடத்தி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுகத்தடிப் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து ஒருமுறை இழுத்தார்.

“மழைக்கு மரம் ஊதும்; வெயிலுக்குச் சுண்டும். இரும்பு அப்படியா? இதைப் போய் இறுக்கி அடிச்சிருக்கான்” என்று, செய்தவர் எதிரே நிற்பதுபோலக் கடிந்துகொண்டார். ஆணிகளைப் பிடுங்கிப் பட்டையின் துளைகளை அரத்தால் நீளவாட்டில் அகலப்படுத்தி, தலை பெரிய திருகாணிகளை இலேசாகப் பூட்டினார். வெடிப்பை மெழுகிட்டு அடைக்கவா என்று மகன் கேட்டான். “மழை வரட்டும் தம்பி. அதுவா எவ்வளவு கூடுதுன்னு பார்த்துக்கிட்டு அப்புறம் அடைக்கலாம்” என்றார். பாலிஷ் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கூடத்தில் பொன்னெழுத்துப் பலகை அப்படியே இருக்கிறது. சிலுவை உள்ளறையில், இரவுச் செபம் சொல்லும் பாய்க்கு நேரே மாட்டப்பட்டது. விடைபெறும்போது அம்மாள் ஈரத்துணியோடு அதன் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்; கறை உள்ள இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு துணி போயிற்று.